விவரம் அறிந்தேன்

என் கணவரின் கடைசிக் கடிதம், அவரைச் சவூதியில், தம்மாமில் அடக்கம் செய்த நாலாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. தபால்காரர் அதைக் கொடுக்கவும் மனமில்லாமல், திரும்பக் கொண்டுபோகவும் முடியாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் மகள் அனீஸாவைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. உள்ளறையில் உட்கார்ந்து கவரைப் பிரித்தேன். ஒரே ஒரு தாள். தமிழில் எழுதியிருந்தது.

எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் குழம்புவார்கள். பன்னிரண்டு வருடம் நானும் அவரும் வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டவர்கள். எழுதியது முழுக்கத் தமிழ்தான். எழுத்து மட்டும் அரபு எழுத்து. கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் அப்போது பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள், ஓதத்தான் அனுப்புவார்கள். குர்ஆன் ஓத அரபு எழுத்து படிப்போம். அர்த்தம் தெரியாது, ஓசை தெரியும். அந்த எழுத்தை வைத்தே, நாம் பேசுகிற தமிழை எழுதிக்கொள்ள வீட்டில் பழகுவோம். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குக் கூடுதலாக ஒரு புள்ளி வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். இதற்கு அரபுத்தமிழ் என்று பெயர் இருப்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும். வீட்டில் நாங்கள் 'நம்ம எழுத்து' என்போம்.

எனக்குக் கல்யாணமானது எண்பத்தாறில். அவர் பெயர் அப்துல் ஹமீது. கல்யாணமாகி நாற்பதாம் நாள் சவூதிக்கு விமானம் ஏறினார். வண்டி உதிரிபாகங்கள் வைக்கும் ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை. ஓர் அறையில் எட்டுப் பேர், மேலும் கீழுமாக இரும்புக் கட்டில்கள். எட்டுப் பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஓதப் படித்தவர் இவர் ஒருவர்தான். ஒருவருக்கு வந்த கடிதத்தை எல்லோரும் வாங்கி வாசிப்பார்களாம். பெண்டாட்டி எழுதியது என்றால் ஒருவர் கட்டில் மேல் ஏறி நின்று சத்தமாக வாசித்துக் கிண்டல் செய்வாராம்.

"நம்ம எழுத்துலயே எழுது நுஸைபா. இங்க யாருக்கும் வாசிக்க வராது. வாசிக்க வர்ற அரபிக்கும் புரியாது" என்று முதல் கடிதத்திலேயே எழுதினார்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அறுபது நாள் லீவில் வருவார். பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மொத்தம் ஒரு வருடம்கூட இருக்காது. அதுவும் மாமி, நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் நிறைந்த வீட்டில். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேச எங்களுக்கு இருந்த ஒரே இடம் அந்த எழுத்துதான். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று எழுதுவேன். அனீஸா தவழ ஆரம்பித்ததும் அவள் உள்ளங்காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பினேன். மாமி மேல் கோபம் வந்தால் அதையும் எழுதுவேன். அவர் போட்டுவிட்டுப் போன சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பதை எழுதினேன். அதற்குக் கீழே எழுதியதை இங்கே எழுத மாட்டேன்.

அவருடைய கடிதங்களில் சிரிக்கவும் நிறைய இருக்கும். "கடைத்தெருவுல எல்லா போர்டையும் வாசிச்சிடுறேன் நுஸைபா. ஒண்ணும் விளங்கல. ஊர்ல அர்த்தம் தெரியாம ஓதினா நன்மை உண்டு. இங்க வழி தப்பிப் போவுது" என்று ஒருமுறை எழுதினார். மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் மாமிக்கு அந்த எழுத்து என்றால் பயபக்தி. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். அரபு எழுத்து உள்ள தாள் தரையில் கிடக்கக் கூடாது, கால் படக் கூடாது. என் கணவர் லீவில் கொண்டுவரும் சோப்புத்தூள் டப்பாவின் அட்டையைக்கூட மாமி கிழித்து அலமாரியின் மேல்தட்டில் வைப்பார். "அம்மா, அது வேட்டி தொவைக்கிற பவுடரும்மா" என்று இவர் கத்துவார். "இருக்கட்டும்டா, எழுத்து எழுத்துதானே" என்பார் மாமி. சிரித்தாரே தவிர இவரும் அப்படிப்பட்டவர்தான். தம்மாம் அறையில் சாப்பாட்டுக்கு அரபுச் செய்தித்தாளை விரித்தால் இவர் அதைச் சுருட்டி எடுத்துவிட்டுத் தமிழ்ப் பத்திரிகையை விரிப்பாராம். அரபிகளே அந்தத் தாளில் கறியும் சோறும் கொட்டித் தின்கிறார்கள் என்று கூட இருந்தவர்கள் சொன்னாலும் கேட்கமாட்டாராம்.

அனீஸாவை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தோம். தொண்ணூறுகளில் எங்கள் தெருவிலிருந்து வேன் நிறையப் பிள்ளைகள் போனார்கள். இரண்டாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடப் போனேன். டீச்சர் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு எழுதத் தெரியும் டீச்சர்" என்று சொல்லி, வலது பக்கமிருந்து என் பெயரை எழுதினேன்.

"இது என்ன பாஷை?"

"தமிழ்தான்."

"தமிழா?" அந்தம்மா அட்டையைப் பக்கத்து டீச்சரிடம் காட்டினார். "பாப்பா இங்கிலீஷ்ல பிச்சு உதறுது. அம்மாவைப் பாருங்க. இதெல்லாம் செல்லாதும்மா, கட்டைவிரலைக் குடுங்க."

அனீஸா வீட்டுக்கு வரும்வரை என்னோடு பேசவில்லை. அன்றைக்கு நான் ஐந்து பக்கம் எழுதினேன். "கட்டைவிரல் வச்ச கையாலதான் இதை எழுதுறேன் மச்சான்" என்று ஆரம்பித்தேன். அவர் பதிலில், "அந்த டீச்சருக்கு உன் லெட்டரை ஒண்ணு வாசிக்கக் குடுக்கணும். வாசிச்சா மயக்கம் போட்டு விழுந்துடும்" என்று எழுதியிருந்தார்.

தொண்ணூற்றெட்டு ஆனி மாதத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வைகாசியில் ஒரு கடிதம். மாடி கட்டிக்கொண்டிருந்தோம், பூச்சு வேலை பாக்கி. அனீஸா படிப்பும் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு நான் எழுதியது அப்படியே நினைவிருக்கிறது. நினைவில்லாமல் போனால் நன்றாக இருக்கும்.

"மச்சான், மாடி வேணாம். வீடே வேணாம். வர்றேன்னு சொன்னீங்க. வரலேன்னா இனிமே எனக்கு நம்ம எழுத்துல எழுதாதீங்க. ஊர் உலகத்துக்கு எழுதுற மாதிரி தமிழ்ல எழுதுங்க. தபால்காரர் வாசிச்சுக் காட்டட்டும். நானும் உங்களுக்கு ஊர் உலகம்தானே."

ஒட்டி அனுப்பிவிட்டேன். மறுநாளே வருத்தமாக இருந்தது. அடுத்த வாரம் எழுதிச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வீம்பு வந்துவிட்டது. அவர் எழுதட்டும் என்று இருந்தேன்.

பக்கத்து வீட்டுப் போனுக்குச் செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர், கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தபோது எழுந்திருக்கவில்லை. நாற்பத்தோரு வயது. அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று எழுதிய ஒரு தாளைப் பள்ளிவாசல் ஜமாத்தார் கொண்டுவந்தார்கள். எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினார்கள். கட்டைவிரலை வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம், தமிழில்.

கொழுந்தன் கை நீட்டினார், "குடுங்க அண்ணி, வாசிக்கிறேன்" என்று. நான் கொடுக்கவில்லை. அதில் அவர் என்ன பதில் எழுதியிருப்பாரோ! என் கடிதத்தைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் நான் என்ன எழுதினேன் என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். அந்தப் பயம் ஒரு பக்கம். அதைவிட, அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை எதுவோ அது இன்னொருவர் குரலில் என் காதில் விழக் கூடாது என்று தோன்றியது. கோபித்திருந்தாலும் சரி, மன்னித்திருந்தாலும் சரி, நானே வாசிக்க வேண்டும். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

"எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் குடுடி" என்றேன் அனீஸாவிடம். அவளுக்கு ஒன்பது வயது.

"இப்ப எதுக்கும்மா?"

"சும்மாதான் உக்காந்திருக்கேன்ல."

அவளுடைய பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவந்தாள். கோடு போட்ட நோட்டில் எழுதச் சொல்வாள். பேனாவை எடுத்தால் என் கை தானாக வலது ஓரத்துக்குப் போய் நிற்கும். இருபத்தைந்து வருடத்துப் பழக்கம். அவள் ஸ்கேலால் தட்டுவாள்.

"அங்கேர்ந்து இல்லம்மா! எத்தன தடவ சொல்றது? எங்க மிஸ்ஸா இருந்தா முட்டி போட வச்சிருப்பாங்க."

"மறந்துடுதுடி."

"உனக்கு ஃபெயில். போ, நாளைக்கு வா."

அப்பா செத்த வீட்டில் அவள் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அதனாலும் நான் சில நாள் வேண்டுமென்றே வலது ஓரத்தில் கை வைத்தேன்.

கூட்டெழுத்து, கொம்பு, கால் எல்லாம் பிடிபட மூன்றரை மாதம் ஆனது. தினமும் அந்தத் தாளைப் பிரித்துத் தெரிந்த எழுத்தை மட்டும் தேடுவேன். முதலில் 'ம' தெரிந்தது. பிறகு 'அனீஸா' தெரிந்தது. முழுதாகச் சேர்த்து வாசிக்காமல் வைத்திருந்தேன். இத்தா முடிவதற்கு முந்தைய நாள், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அனீஸா பள்ளிக்கூடம் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன்.

"அன்பு மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நலம். அதுபோல் உன் நலமும் அம்மா நலமும் அனீஸா நலமும் அறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தேன். சிமெண்ட் மூட்டைகள் மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளவும். அனீஸாவை நன்றாகப் படிக்கச் சொல்லவும். அம்மாவுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்கவும். மற்றவை பின்பு. இப்படிக்கு, அப்துல் ஹமீது."

இவ்வளவுதான். கீழே வலது ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு மைப்பொட்டு. பேனா கசிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்குச் சரியாகச் சேர்த்து வாசிக்க வரவில்லையோ, எதையாவது விட்டுவிட்டேனோ என்று விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன். 'விவரம் அறிந்தேன்' என்பதிலேயே நின்றேன். அவர் வாயில் நான் ஒருநாளும் கேட்டறியாத வார்த்தை அது. ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி. தபால்காரர் வாசித்துக் காட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான்கு மாதம் இதை நெஞ்சில் வைத்துக் காத்தேன். கோபமாவது இருந்திருக்கலாம்.

தை பிறந்த பிறகு வைரக்கண்ணு வந்தார். வடபாதிமங்கலம் பக்கம் ஊர். குத்தகை நிலம் கட்டுப்படியாகாமல் சவூதிக்குப் போனவர். என் கணவருக்கு மேல் கட்டிலில் ஏழு வருடம் படுத்தவர். அந்த வைரக்கண்ணு இப்போது, பல வருடம் கழித்து, போன ஆனியில்தான் இறந்தார். அவர் இருந்தவரை இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

லீவில் வந்தவர், என் கணவரின் பெட்டியையும் அவர் வீட்டில் அறுத்த சம்பாவில் ஒரு மரக்கால் புது அரிசியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் மாமி உட்கார்ந்திருக்க, நான் கதவோரம் நின்றேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சட்டைகள், கடிகாரம், செருப்பு, ஒரு ரேடியோ. உடையக்கூடியவற்றை அரபுச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார். பிரித்த தாள்களைத் தரையில் போடாமல் ஒவ்வொன்றையும் மடித்து, கண்ணில் ஒற்றி, ஜன்னல் மேல்தட்டில் வைத்தார். மேலே இருந்த தாளில் உரித்த கோழியின் படம் போட்டிருந்தது.

"லெட்டருங்க ஏதும்..." என்று கேட்டேன். பெட்டி காலியாகும்வரை பொறுக்க முடியவில்லை.

"அவரு அண்ணன் தம்பி போட்ட லெட்டர் ரெண்டு மூணு இருக்குங்க அண்ணி, அடியில. ஆனா ஒண்ணு மட்டும் கொண்டாரல. அதச் சொல்லணும்னுதான் நானே வந்தேன்." அவர் எழுந்து நின்றுகொண்டார். "தலமாட்டுல ஒரு பிஸ்கட் டின்னு வச்சிருப்பாரு. நீங்க ஊர்லேர்ந்து ஓதல் எழுதி அனுப்புவீங்களே, அந்தத் தாளுங்க. டின்னு நெறைய."

"ஓதலா?"

"ஆமா. வாராவாரம் வந்துரும்ல. பசங்க 'என்னண்ணே அது, எங்களுக்கும் காட்டுங்க'ன்னு புடுங்கப் பாப்பானுவ. 'தொடாதீங்கடா, ஓதல் எழுதி அனுப்பியிருக்கு'ம்பாரு. தொழுதுட்டு வந்து உக்காந்து, வாயை அசைச்சு அசைச்சு ஓதுவாரு. ஒருத்தனும் கிட்டப் போவமாட்டான்."

என் கணவருக்கு அப்படிக் கூச்சம்.

"செருப்பு சட்டையோட அதையும் ஒரே பொட்டியில அமுக்க எனக்கு மனசு வரல அண்ணி. அந்த எழுத்துல சோத்தையே வைக்கவிட மாட்டாரு மனுசன். குளிச்சிட்டு, டின்னை ரெண்டு கையாலயும் ஏந்திட்டுப் போயி பள்ளிவாசல்ல குடுத்தேன். ஒரு பெரியவரு பெரட்டிப் பெரட்டிப் பாத்தாரு. என்னமோ கேட்டாரு, எனக்கு வெளங்கல. 'குர்ஆன், குர்ஆன்'னேன். பழைய வேதத் தாளையெல்லாம் சுத்தமான எடத்துல எரிச்சு, சாம்பலை மண்ணுல பொதைப்பாங்களாம். அதுல சேத்தாரு. நான் கடைசி வரைக்கும் நின்னு, கும்புட்டுட்டுத்தான் வந்தேன்."

மாமி என்னைப் பார்த்தார். அது ஓதல் இல்லை என்று மாமிக்குத் தெரியும். அனீஸாவின் உள்ளங்கால் அதில் இருந்தது. துவைக்காத சட்டை இருந்தது. கட்டைவிரல் இருந்தது. எனக்கு இருபது வயது, இருபத்தைந்து வயது, முப்பது வயது எல்லாம் அந்த டின்னில்தான் இருந்தன.

"செஞ்சது தப்புங்களா அண்ணி?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

மாமி முந்திக்கொண்டார். "நல்ல காரியம் செஞ்சீங்க தம்பி."

வைரக்கண்ணுவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"அந்தக் கடைசி வெள்ளிக்கிழமகூட உங்க ஓதல் வந்துச்சு. கட்டில்ல உக்காந்து ரெண்டு வாட்டி ஓதினாரு. அழுதுட்டாரு அண்ணி. ஏழு வருசத்துல அவரு அழுது நான் பாத்ததில்ல. 'என்னண்ணே?'ன்னேன். 'இதுல உள்ளது அப்புடி தம்பி'ன்னாரு."

நான் கடைசியாக அனுப்பியது அந்தக் கோபக் கடிதம்தான்.

"அன்னிக்குச் சாயங்காலந்தான் 'தமிழ்ல ஒரு லெட்டர் எழுதித் தா'ன்னு வந்தாரு. அவருக்குத் தமிழ் வாசிக்க வருமே தவிர எழுதினா கோழி கிண்டுன மாதிரி இருக்கும். 'என்னண்ணே திடீர்னு தமிழ் மேல பாசம்'னு கிண்டல் பண்ணினேன். சிரிக்கல."

"நீங்களா எழுதினீங்க அதை?"

"நான்தான். அவரு சொல்லச் சொல்ல. மொதல்ல உங்க பேரைச் சொன்னாரு. நான் 'நு' போடறதுக்குள்ள, 'வேணாம், மனைவிக்குன்னு போடு'ன்னாரு. 'உன் கடிதம் கிடைத்தது'ன்னாரு. அதோட நின்னுட்டாரு. நான்தான் வழக்கமா போடுற மாதிரி 'விவரம் அறிந்தேன்'னு போட்டேன். வெளிய போயி ஒரு சுத்து சுத்திட்டு வந்தாரு. 'அப்புறம் என்னண்ணே?'ன்னேன். என் மூஞ்சியப் பாத்தாரு. 'சிமெண்ட்டு நனையாமப் பாத்துக்கச் சொல்லு'ன்னாரு."

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"எல்லாம் முடிஞ்சு, பேனாவைக் குடுன்னு வாங்கினாரு. தாளை மடியில வச்சு பேனாவை ஊனினாரு. ஊனினவரு அப்புடியே இருந்தாரு. 'பேரு நான் போட்டுட்டேனே, இன்னும் என்ன?'ன்னேன். 'ஒண்ணுமில்ல, எழுத வேணாம்னு இருக்கு'ன்னு மடிச்சிட்டாரு." வைரக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலே நாள். ஆனா ஒண்ணு அண்ணி, நீங்க எழுதின ஓதல்தான் அவரு கடைசியா ஓதினது. எத்தன பேருக்கு அது குடுத்து வைக்கும்? அதை நெனச்சு மனசைத் தேத்திக்குங்க."

"சரி தம்பி" என்றேன்.

டீ கொடுத்தேன், குடித்தார். அனீஸாவுக்கென்று கொண்டுவந்த பேனாப் பெட்டியை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அதற்குப் பின் ஒவ்வொரு தைக்கும் புது அரிசி கொண்டுவந்தார். அது வேதம் என்றே கடைசிவரை நம்பியிருந்தார். அவர் வாயாலேயே குர்ஆன் என்று சொல்லிப் பள்ளிவாசலில் கொடுத்ததை, இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் போன பிறகு உள்ளறைக்குப் போய்க் கடிதத்தைப் பிரித்தேன். தமிழ் வரிகள் எல்லாம் இடது ஓரத்திலிருந்து தொடங்கியிருந்தன. அவற்றுக்குக் கீழே, எதையும் ஒட்டாமல், வலது ஓரத்தில் தனியாக அந்த மைப்பொட்டு. அனீஸா ஸ்கேலால் தட்டித் தட்டி என் கையை விலக்கிய அதே இடம். நாங்கள் இருவரும் பன்னிரண்டு வருடம் எழுதத் தொடங்கிய இடம்.

நம்ம எழுத்துல எழுதாதீங்க என்று நான் சொல்லியிருந்தேன். அவர் எழுதவில்லை.